வீடு மட்டும், கடை கூடாது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் நகர் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. கையெழுத்துப் போடச் சொல்லி. மூன்றாவது குறுக்குத் தெருவில் ஓர் அக்கா வீட்டு முன்பகுதியில் காலையில் இட்லியும் சாயங்காலம் வடை, பஜ்ஜியும் போட்டு விற்கிறார். அதை நிறுத்த வேண்டும் என்று கொம்யூன் பஞ்சாயத்துக்கு மனு. "இது முழுக்க முழுக்கக் குடியிருப்புப் பகுதி, வியாபாரத்துக்கு இடமில்லை" என்பது மனுவின் முதல் வரி. எனக்கு முன்னால் பதினாறு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

நான் உடனே போடவில்லை. "சாயங்காலம் தர்றேன் சார்" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். காரணம் பெரிய கொள்கை எல்லாம் இல்லை. அன்றைக்குக் காலையில் நான் சாப்பிட்டது அந்த அக்கா கடை இட்லி. அந்தக் கூச்சத்தில் பத்திரத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்து, அதிலிருந்து வேறு எங்கெங்கோ போய் ஒரு மாதமாகச் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வரிச்சிக்குடி காரைக்காலிலிருந்து வடக்கே, தரங்கம்பாடி போகிற சாலையில், கோட்டுச்சேரி கொம்யூனில் இருக்கிறது. "நகர்" என்றதும் நகரம் என்று நினைத்துவிட வேண்டாம். நெல்வயலாக இருந்து மனையாக மாறிய இடம், அவ்வளவுதான். அறுபது வீடு இருக்கும். பெட்டிக்கடைகூட கிடையாது. கறிவேப்பிலை வேண்டுமென்றால் வண்டியை எடுக்கணும்.

என் விற்பனைப் பத்திரத்தில் தேடினேன். இருந்தது: மனையைக் குடியிருப்புக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், வியாபாரம் செய்யக் கூடாது. வாங்கும்போது இதை நான் படித்ததாகவே நினைவில்லை. கவனித்துப் பார்த்தால், இந்த வரியை எழுதியது அரசாங்கம் இல்லை, மனை போட்டு விற்றவர். புதுச்சேரியில் நகர ஊரமைப்புச் சட்டம் 1969இல் வந்தது, அதன் கீழ் காரைக்காலுக்குத் தனியாகத் திட்டக் குழுமமும் உண்டு. ஆனால் நம்மில் பலர் வாழ்வது அந்தச் சட்டத்தோடு சேர்த்து இந்தப் பத்திர வரிகளுக்கும் கட்டுப்பட்டுத்தான். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் மண்டலச் சட்டமே கிடையாது என்று பெருமையாகச் சொல்வார்கள். அங்கேயும் பத்திர நிபந்தனை என்ற பெயரில் அதே வேலை நடக்கிறது.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

வீடு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம், தொழிற்சாலை ஒரு பக்கம் என்று வரைபடத்தில் கோடு போட்டுப் பிரிப்பதை ஒற்றைப் பயன்பாட்டு மண்டலம் என்கிறார்கள். நானும் இது யாரோ வேலையில்லாத அதிகாரி கண்டுபிடித்தது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய நகரங்களில் நிலக்கரிப் புகை, தோல் பதனிடும் நாற்றம், இறைச்சிக் கழிவு எல்லாம் ஜன்னலுக்கு வெளியே. ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் 1891இல் நகரத்தை மண்டலங்களாகப் பிரித்தது. நியூயார்க் 1916இல் முழு நகரத்துக்கும் விதி கொண்டுவந்தது.

1926இல் ஓஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூருக்கும் ஆம்ப்ளர் என்ற மனை நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், ஊர் இப்படிப் பிரித்தது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி கூடத்துக்குள் வந்தால் தொல்லைதானே என்பது தீர்ப்பில் வரும் உவமை. நியாயம்தான். ஆனால் அதே தீர்ப்பு, தனி வீடுகளுக்கு நடுவே வரும் அடுக்குமாடிக் குடியிருப்பையும் ஒட்டுண்ணி என்கிறது. புகைக்கூண்டை விலக்க வந்த விதி, வாடகைக்கு இருப்பவனையும் விலக்க ஆரம்பித்த இடம் அது. இனத்தின் பேரில் மண்டலம் பிரிக்கக் கூடாது என்று 1917இலேயே அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதன் பிறகு, மனை அளவும் வீட்டு வகையும் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்தன என்று அங்கே நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள்.

1933இல் மார்செய்யிலிருந்து ஏதென்ஸுக்குக் கப்பலில் போய்க்கொண்டே ஐரோப்பியக் கட்டடக் கலைஞர்கள் ஒரு மாநாடு நடத்தினார்கள். குடியிருப்பு, வேலை, ஓய்வு, போக்குவரத்து என்று நகரத்துக்கு நான்கு வேலை, நான்கையும் பிரித்து வை என்பது அங்கே உருவான கருத்து. இதைப் பின்னர் நூலாக வெளியிட்ட லெ கொர்பூசியேதான் சண்டிகரையும் வடிவமைத்தார். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சண்டிகரிலேயே ஒவ்வொரு செக்டாரின் நடுவிலும் ஒரு கடைத்தெரு ஓடுகிறது. கீழே கடை, மேலே வீடு என்ற கட்டடங்களும் இருக்கின்றன. பிரித்துவைக்க வந்தவராலும் முழுசாகப் பிரிக்க முடியவில்லை.

நம் பக்கத்தில் எப்படி இருந்தது?

எங்கள் பழைய வீடு மெயின் ரோட்டில். தாத்தா திண்ணையில் மளிகை வைத்திருந்தார். ஒரு திண்ணையில் மூட்டை, இன்னொன்றில் பேச வருகிறவர்கள். காரைக்கால் என்றதும் நினைவுக்கு வருகிற அம்மையார் கதையே வணிகர் வீட்டுக் கதைதானே? கடையில் இருக்கும் கணவனுக்கு யாரோ இரண்டு மாம்பழம் தர, அதை அவன் வீட்டுக்கு அனுப்பி, மதியம் சாப்பிட வந்து கேட்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. கடை அவ்வளவு பக்கத்தில்.

தரங்கம்பாடி தாண்டி இன்னும் வடக்கே போனால் பூம்புகார். சிலப்பதிகாரம் காட்டும் புகாரில் கடலோரம் மருவூர்ப்பாக்கம், உள்ளே பட்டினப்பாக்கம். இரண்டுக்கும் நடுவே நாளங்காடி. மருவூர்ப்பாக்கத்தில் நெய்கிறவரும் கொல்லரும் தச்சரும் மீன் விற்பவரும் கப்பலில் வந்த வேற்றுநாட்டாரும் குடியிருந்தார்கள். தொழில் செய்கிற இடமும் குடியிருக்கிற இடமும் ஒன்றே.

உடனே "பார்த்தீர்களா, நம் முன்னோர்கள்" என்று ஆரம்பித்துவிட வேண்டாம். பட்டினப்பாக்கத்தில் யார் இருந்தார்கள் என்றும் அதே காப்பியம் சொல்கிறது: அரசரும் அந்தணரும் பெருவணிகரும். நாம் தொழிலால் பிரிக்கவில்லை, ஆளால் பிரித்தோம். அக்ரகாரம், அந்தத் தெரு, இந்தத் தெரு, ஊருக்கு வெளியே சேரி. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் வெள்ளையர் நகரம், இந்தப் பக்கம் கறுப்பர் நகரம் என்று வைத்ததும் இதே கணக்குதான். கோடு போட்டுப் பிரிப்பதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. அதனால்தான் "இங்கே இது கூடாது" என்று யார் சொன்னாலும், "இது" என்பது பொருளா ஆளா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டுக்கடை ஏன் ஓடுகிறது?

இதை அந்த அக்காவிடமே கேட்டேன். "வாடகை இல்ல தம்பி, அதான்" என்றார்.

அறுபது வீட்டை நம்பி ஒரு கடை பிழைக்காது. வாடகை, முன்பணம், ஆள் சம்பளம் எல்லாம் போட்டால் முதல் மாதமே நஷ்டம். வீட்டு முன்பகுதி என்றால் வாடகை இல்லை. மாமியாரைப் பார்த்துக்கொண்டே மாவு அரைக்கலாம், பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் சட்னி தாளிக்கலாம். மெயின் ரோட்டில் வணிக மனை என்று தனியாக வைத்தால் விலை ஏறிவிடும். அந்த விலை கொடுத்து வருவது செல்போன் கடையும் நகைக்கடன் நிறுவனமும்தான், இட்லிக்கடை வராது. ஆக, "கடை வேண்டாமென்று சொல்லவில்லை, கடைக்கான இடத்தில் வைக்கட்டும்" என்பது கேட்க நியாயமாக இருந்தாலும், நடைமுறையில் அதன் பொருள் "நீ வைக்காதே" என்பதுதான். வீட்டை விட்டு நகர முடியாத பெண்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

1961இல் ஜேன் ஜேக்கப்ஸ் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஒரு தெருவில் வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு காரணத்துக்காக ஆட்கள் நடந்துகொண்டே இருந்தால்தான் கடை பிழைக்கும், தெருவும் பத்திரமாக இருக்கும் என்பது அவர் வாதம். எங்கள் நகரில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ஈ காக்கை இருக்காது. இரண்டு வருடம் முன்பு ஒரு வீட்டில் பட்டப்பகலில் பூட்டை உடைத்தபோது பார்க்க ஆளில்லை. இப்போது மூன்றாவது குறுக்குத் தெருவில் யார் வருகிறார் போகிறார் என்று அந்த அக்காவுக்குத் தெரியும்.

டெல்லியில் நடந்தது

ஒற்றைப் பயன்பாட்டை அப்படியே அமல்படுத்தினால் என்ன ஆகும் என்று இந்தியாவில் ஒரு தடவை பார்த்துவிட்டோம். டெல்லியில் குடியிருப்பு மண்டலங்களில் ஆயிரக்கணக்கான கடைகள் பல்லாண்டுகளாக நடந்துவந்தன. எம்.சி. மேத்தா வழக்கில் 2006 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை மூடி சீல் வைக்க உத்தரவிட்டது. மேற்பார்வைக்கு ஒரு குழுவும் அமைத்தது. கடைகள் வரிசையாக மூடப்பட்டன. வியாபாரிகள் தெருவுக்கு வந்தார்கள். செப்டம்பரில் சீலம்பூரில் போராட்டம் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

அதன் பிறகு 2007 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட டெல்லி மாஸ்டர் பிளான் 2021, கலப்புப் பயன்பாட்டுக்கு என்றே ஓர் அத்தியாயம் வைத்தது. குறிப்பிட்ட தெருக்களில் தரைத்தளத்தில் கடைகள் அனுமதிக்கப்பட்டன. அதைவிட எனக்குப் பிடித்தது வேறொரு விதி. 20 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 215 சதுர அடிக்குள், தரைத்தளத்தில் இருக்கும் சிறு கடை என்றால் குடியிருப்பு வீட்டிலேயே நடத்தலாம். காய்கறி, மளிகை, தையல், முடிதிருத்தம், மாவு மில், உட்காரும் வசதி இல்லாத டீக்கடை என்று பட்டியலே இருக்கிறது. மரக்கடை, பழைய இரும்புக் கடை, மோட்டார் ரிப்பேர், மதுக்கடை கூடாது என்று எதிர்ப் பட்டியலும் உண்டு. அவ்வளவு ரகளைக்குப் பிறகு வந்து சேர்ந்த இடம் இது. 2017 டிசம்பரில் சீல் வைப்பது மறுபடி தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். விதி வந்ததும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை.

எதிர்ப்பக்கத்து நியாயம்

இதுவரை படித்துவிட்டு, எல்லாவற்றையும் கலந்துவிடலாம் என்கிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. அதே டெல்லியில் 2019 டிசம்பர் 8 விடியற்காலையில் அனாஜ் மண்டியில், குடியிருப்புச் சந்துக்குள் இருந்த ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தது. பை, பொம்மை மாதிரிப் பொருட்கள் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் அங்கே இருந்தன. வேலை செய்த இடத்திலேயே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களில் 43 பேர் இறந்தார்கள். அதுவும் கலப்புப் பயன்பாடுதான்.

எங்கள் ஊருக்கே உரிய உதாரணம் மதுக்கடை. தமிழ்நாட்டிலிருந்து எல்லை தாண்டி வருகிறவர்களுக்காகவே நடக்கும் கடைகள் காரைக்காலில் எத்தனை என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது நிம்மதியாக மூச்சுவிட்ட வீடுகள் உண்டு. பின்னால் அதில் தளர்வும் வந்தது. வீட்டு வாசலில் மதுக்கடை வந்தால் நானும் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன்.

மூன்றாவது, வயல். 2020இல் தமிழ்நாடு அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் கொண்டுவந்தது. புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு, உருக்காலை, தோல் தொழிற்சாலை எல்லாம் அங்கே வரக் கூடாது. இதுவும் மண்டலப் பிரிப்புதான், அவசியமான பிரிப்பு. ஆனால் அது தமிழ்நாட்டுச் சட்டம், எங்கள் வரப்புக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. அந்தப் பக்கத்திலும்கூட வயலை மனையாக்குவதைத் தடுப்பது அதன் வேலை இல்லை.

இங்கேதான் எனக்கு உறைத்தது. எங்கள் நகர் நெல் விளைந்த இடம். தெருவின் கடைசியில் ஒரு வடிகால் வாய்க்கால் இருந்தது, மண்ணடித்ததில் பாதி மறைந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எங்கே போவது என்று தெரியாமல் வீட்டு வாசலில் நிற்கிறது. வயலும் வீடும் கலந்ததற்கு யாரும் மனு எழுதவில்லை, நானும் எழுதவில்லை. கட்டாயம் பிரித்திருக்க வேண்டியதைக் கலந்துவிட்டு, கலந்தால் நல்லது என்பதைப் பிரிக்க மனு போடுகிறோம்.

பிரித்தால் யாருக்கு நஷ்டம்?

2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கடற்கரை முழுக்க இந்தக் கேள்வி வந்தது. 2005 மார்ச்சில் தமிழ்நாடு அரசு போட்ட ஆணைப்படி, அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீட்டை இழந்தவர்களுக்கு அரசு உதவியுடன் புது வீடு 200 மீட்டருக்கு அப்பால்தான். அங்கேயே இருக்க விரும்பினால் சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம். உயிருக்குப் பாதுகாப்பு என்ற வகையில் அதில் அர்த்தம் உண்டு. ஆனால் மீனவர் வீடு வெறும் வீடில்லை. வலை காய்வது, எஞ்சின் வைப்பது, கருவாடு போடுவது, காற்றும் கடலும் எப்படி இருக்கிறது என்று விடியற்காலை வெளியே வந்து பார்ப்பது, எல்லாம் அந்த வாசலில்தான். உள்ளே தள்ளிக் கட்டிய வரிசை வீட்டில் படுக்கலாம், வலையை எங்கே விரிப்பது? வீடு என்றால் தூங்குகிற இடம் என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் ஆபீஸ் போய் வேலை பார்ப்பவர்.

என்னதான் வழி?

ஜப்பானின் ஏற்பாடு எனக்கு எளிமையாகப் பட்டது. அங்கே மண்டல வகைகளை நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வகுக்கிறது. அதில் மிகக் கண்டிப்பான குடியிருப்பு மண்டலத்தில்கூட, குடியிருக்கும் வீட்டோடு சேர்ந்த சிறு கடையோ அலுவலகமோ 50 சதுர மீட்டருக்குள், வீட்டின் பாதிக்கும் குறைவாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். மண்டலம் மாற மாற, அடுத்தடுத்து பெரிய கடை, பட்டறை, தொழிற்சாலை என்று அனுமதி கூடிக்கொண்டே போகும். அங்கே கேட்கும் கேள்வி "இது வீடா கடையா" என்பதில்லை. எவ்வளவு பெரிசு, எவ்வளவு தொல்லை என்பதுதான்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மனுவை மறுபடி படித்தேன். மூன்று குறைகள் இருந்தன. விறகு அடுப்புப் புகை, சாயங்காலம் தெருவை அடைத்து நிற்கும் வண்டிகள், இரவு பத்து மணி வரை பேச்சுச் சத்தம். மூன்றுமே உண்மை. அந்த வீட்டுக்கு எதிர்வீட்டில் ஆஸ்துமா உள்ள பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்கிறார், அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் மூன்று குறையில் எதற்கும் "வியாபாரம் கூடாது" என்பது பதில் இல்லை. புகைக்குப் பதில் கேஸ் அடுப்பு, வண்டிக்குப் பதில் பக்கத்துக் காலி மனை, சத்தத்துக்குப் பதில் எட்டரைக்குக் கடையை மூடுவது.

சாயங்காலம் மனுவைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தேன். கூடவே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்: அந்த வீட்டில் குடியிருப்பவர்தான் நடத்த வேண்டும், 200 சதுர அடிக்கு மேல் கூடாது, புகையில்லா அடுப்பு, எட்டரைக்கு மூடல், தெருவில் வண்டி நிறுத்தக் கூடாது, உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். இதற்கு உட்பட்டால் யார் வீட்டிலும் சிறு கடைக்குச் சங்கம் ஆட்சேபிக்காது.

சங்கத்துச் செயலாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நிதானமாகப் படித்தார். "நீங்க சொல்றது சரிதான் தம்பி. நாளைக்கு ஒருத்தர் வெல்டிங் பட்டறை வைக்கிறேன்னு வந்தா?" என்றார்.

"அதுக்குத்தான் சார் இந்த நிபந்தனை. வெறும் 'கூடாது'ன்னு எழுதினா, செல்வாக்கு இருக்கிறவர் பட்டறையே வைப்பார், நாம ஒண்ணும் பண்ண முடியாது. இல்லாதவங்க இட்லிகூட சுட முடியாது."

அவர் ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். பத்திரத்தில் இருக்கும் வரி இருக்கிறது, அதை எல்லோருமாகச் சேர்ந்து பார்க்க வேண்டும் என்றார். அதுவும் சரிதான். அடுத்த கூட்டத்தில் இரண்டு காகிதத்தையும் வைத்துப் பேசலாம் என்று முடிவாகியிருக்கிறது. மனுவில் முன்பு கையெழுத்துப் போட்டவர்களில் நான்கு பேர் என் காகிதத்திலும் போட்டிருக்கிறார்கள். அக்கா போன வாரமே கேஸ் அடுப்புக்கு மாறிவிட்டார். எதிர்வீட்டுப் பெரியவர் சாயங்காலத்தில் ஜன்னலைத் திறக்கிறார், எண்ணெய் வாசம் மட்டும் இன்னும் வருகிறது என்கிறார். எண்ணெய்ச் சட்டியைப் பின்பக்கம் மாற்ற முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வடிகால் வாய்க்காலைப் பற்றியும் ஒரு மனு எழுத ஆரம்பித்திருக்கிறேன். அதற்கு முதல் கையெழுத்து என்னுடையது.